யாரு கேட்டு யாரு தந்த சம்மதம்?

சம்மதம் என்கிற சொல்லைச் சந்தேகத்தோடு வாசித்தே எனக்குப் பழக்கம். பண்ணையாள் சம்மதித்துத்தான் வேலை செய்தான் என்று கணக்குப்பிள்ளை எழுதி வைப்பான். பண்ணையாளைக் கேட்டால் வேறு கதை வரும். இரண்டு நூல்களைச் சேர்த்து வாசித்தபோது இதுதான் மனசுக்குள் ஓடியது.

ஒன்று, நான்சி கேம்பல், ஜே.பி. ஓல்சன், லூக் வால்டன் மூவரும் 2008இல் வெளியிட்ட ‘த நார்கோட்டிக் ஃபார்ம்’. மற்றது, கறுப்பின எழுத்தாளர் கிளாரன்ஸ் கூப்பரின் நாவல் ‘த ஃபார்ம்’ (1967). இரண்டுக்கும் களம் ஒன்றே. அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 1935இல் திறந்த அரசுப் பண்ணை. போதைக்கு அடிமையானவர்களுக்கானது. பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயில்.

அங்கே கைதிகளும் இருந்தார்கள், தானாக வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தானாக வந்தவன் நினைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். வில்லியம் பரோஸ் 1948இல் அப்படிப் போய் வந்தவர்தான். 1953இல் ‘ஜங்கி’யில் அதை எழுதினார்.

பண்ணைக்குள்ளேயே ஓர் ஆராய்ச்சி மையம். புது வலிநிவாரணிகள் அடிமைப்படுத்துமா என்று அங்கே சோதித்தார்கள். மார்ஃபினை நிறுத்தினால் வரும் வலியையும் நடுக்கத்தையும் மெதடோன் தணிக்கும் என்று 1940களின் கடைசியில் கண்டதும் அங்கேதான். சரி, சோதனைக்கு யாரைச் சேர்த்தார்கள்? பாதியில் எழுந்து போகக்கூடியவனை அல்ல. தண்டனை பாக்கியிருக்கிற, திரும்பத் திரும்பப் போதையில் விழுந்த கைதியை. வெளியே போக வழியில்லாத இவனுக்குத்தான் ‘தன்னார்வலர்’ என்று பேர்!

கூலி என்ன? தண்டனைக் குறைப்பு, இல்லாவிட்டால் போதை மருந்து. போதையை விடவைக்கிற இடத்தில் போதையே கூலி. 1975இல் எட்வர்ட் கென்னடி நடத்திய செனட் விசாரணையில் இது வெட்டவெளிச்சமானது. மையத்தின் இயக்குநர் ஹாரிஸ் இஸ்பெல், 1950களில் சி.ஐ.ஏ. பணத்தில் கைதிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார். சிலருக்குத் தொடர்ந்து 77 நாள். அவர்களில் பலர் கறுப்பர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் டாக்டருக்குப் பேர் உண்டு. ஊசி குத்தப்பட்டவனுக்கு இல்லை.

2008 நூல் இவற்றை மறைக்கவில்லை. அந்த நேர்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவின் முதல் போதை ஜெயிலின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்று துணைத்தலைப்பு வைக்கிறார்கள். எழுச்சி யாருக்கு? வீழ்ச்சி யாருக்கு? ஒரு நிறுவனத்தின் வாழ்க்கை வரலாறாகக் கதையைச் சொன்னதும் உடல்கள் அதற்குள் சம்பவங்களாகிவிடுகின்றன.

கூப்பர் அந்தப் பண்ணைக்குள் கிடந்தவர். அவருடைய பிரதியில் நிறுவனம் நாயகன் அல்ல. உள்ளே அடைபட்டவன் ஆசைப்படுகிறான், காதலிக்கிறான். மொழியும் ஒழுங்காய் நிற்காமல் தெருப்பேச்சாய் உடைந்து ஓடுகிறது. சோதனைக்கூடம் எண்ணாக்கிய உடலுக்கு அந்த உடைசல் மொழி ஆசையைத் திருப்பிக் கொடுக்கிறது. கூப்பர் 1978இல் நியூயார்க்கில் செத்துப்போனார்.

அதே 1978இல்தான் லெக்சிங்டன் மையத்து ஆய்வாளர்கள், புப்ரெனார்ஃபின் என்ற மருந்து அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகலாம் என்று எழுதினார்கள். 2002இல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. டாக்டர் அறையிலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்குக் கிடைத்தது? வெள்ளையர்களுக்கே பெரும்பாலும் எழுதிக் கொடுக்கிறார்கள், கறுப்பர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. கறுப்பர்கள் பலருக்கு வாய்த்தது மெதடோன் கிளினிக்கின் காலை வரிசைதான்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் மருந்து வராது. மருந்தில்லாமல் சாகிறவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். நான் கேட்பது இரண்டே. சோதனைக்கு வெளியேயும் அவனுக்குச் சிகிச்சை உண்டா? வேண்டாமென்று சொல்லிவிட்டு, எதையும் இழக்காமல் அவன் எழுந்து போகமுடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் அது சம்மதம்.

கைதிகள் மீதான சோதனை லெக்சிங்டனில் 1976இல் நின்றது. இப்போது கறுப்பர்கள் மருந்துச் சோதனைகளுக்கு வருவதில்லை, அவர்களுக்கு நம்பிக்கை போதாது என்று ஆய்வாளர்கள் குறைப்படுகிறார்கள். அதைக் கறுப்பர்களின் குறையாக எழுதுவது அநியாயம். அது அவர்களுடைய ஞாபகம். அந்த ஞாபகத்தைப் படிக்க வேண்டுமானால் முதலில் கூப்பரைப் படியுங்கள், அப்புறம் மற்றதை.