மலர வேண்டியது மக்காச்சோளம்

போசோலேயைப் பன்றிக்கறி சூப் என்று சொன்னால், அதைச் செய்பவரின் பாதி உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும். மெக்சிகோவின் இந்தக் கிண்ணத்தில் கறிக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் மக்காச்சோளத்துக்கு. அதிலும் தொலூக்கா பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த மேட்டு நிலங்களில் விளையும் ககவசிந்த்லே என்ற ரகம் வேண்டும். வெளேரென்று அகன்ற மணி, உள்ளே நிறைய மாவு.

வேலை சுண்ணாம்பில் தொடங்குகிறது. வெற்றிலையில் நாம் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான். ஒரு கிலோ காய்ந்த மணிக்கு ஒரு மேசைக்கரண்டி சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால், இருபது நிமிடம் போல ஆனதும் மணி மஞ்சளாகித் தோல் விரலில் வழுக்கிக்கொண்டு வரும். ஆறியபின் தண்ணீரை மாற்றி மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மண்ணின் மக்கள் கண்ட பக்குவம் இது. சுண்ணாம்பு தோலை இளக்குவதோடு நிற்பதில்லை. மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. மக்காச்சோளத்தை ஊருக்குக் கொண்டுபோன ஐரோப்பியர் இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

அடுத்தது நுனி கிள்ளுதல். ஒவ்வொரு மணியின் அடியிலும், கதிரோடு ஒட்டியிருந்த இடத்தில், ஒரு சின்ன கெட்டி மூடி இருக்கும். அதை நகத்தாலோ கத்தி முனையாலோ, மணி மணியாக எடுக்க வேண்டும். மூடி அப்படியே இருந்தால் மணி வேகும், ஆனால் விரியாது. எடுத்துவிட்டால், வேகும்போது உப்பும் மாவு அந்த வாய் வழியே பிதுங்கி இதழ் இதழாக விரிகிறது. சலித்துப்போய்ப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால் போசோலேயின் கலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. வீட்டார் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும்.

கிள்ளிய மணியைப் பெரிய பானையில், நிறையத் தண்ணீரில், ஒரு முழுப் பூண்டும் வெங்காயமும் போட்டு முதலில் தனியாக வேகவிட வேண்டும். மணி மலரும் வரை உப்புப் போடக் கூடாது என்பது மெக்சிகோ அடுக்களைகளின் கண்டிப்பு. இரண்டு மணி நேரமாவது ஆகும். மலரத் தொடங்கியதும் கறி. தோள்பட்டைக் கறி தின்பதற்கு. கால், முதுகெலும்பு, கிடைத்தால் தலை, இவையெல்லாம் சாற்றுக்கு. எலும்பும் தோலும் தரும் பசையும் மணி விட்ட மாவும் கலந்தால்தான் சாறு உதட்டில் ஒட்டும். டப்பாவில் வரும் வெந்த மணியில் இது கிடைக்காது. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

சிவப்புப் போசோலேக்கு ஹலிஸ்கோ மாநிலம் பேர்போனது. குவாஹியோ, ஆஞ்சோ என்ற இரண்டு காய்ந்த மிளகாய்களை விதை நீக்கி, கருகாமல் லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டோடு அரைக்க வேண்டும். வடிகட்டி, பன்றிக் கொழுப்பில் வதக்கிப் பானையில் ஊற்ற வேண்டும். இரண்டிலும் காரம் குறைவு. தருவது நிறமும் உலர்ந்த பழம் போன்ற ஆழமான ருசியும். கெரேரோ மாநிலத்தில் பூசணி விதை அரைத்த பச்சைப் போசோலே. அங்கே வியாழக்கிழமை என்றாலே போசோலேதான். மிளகாயே சேராத வெள்ளையும் உண்டு. மணியின் மணத்தை அறிய விரும்புகிறவர் வெள்ளையில் தொடங்குவது நல்லது.

16ஆம் நூற்றாண்டுத் துறவி பெர்னார்தினோ தெ சாஹகுன், அஸ்தெக் சடங்கு ஒன்றில் பலியானவரின் தசையோடு மக்காச்சோளம் சமைக்கப்பட்டதை எழுதிவைத்தார். போசோலே என்றதும் பலரும் அந்தக் கதைக்கே போய்விடுகிறார்கள். பன்றி ஸ்பானியரோடு வந்தது. அந்தச் சடங்கு எப்போதோ ஒழிந்தது. இரண்டு காலத்துக்கும் பொதுவாக நின்றது மணியும் சுண்ணாம்பும்தான். அதைப் பேசுவோர் குறைவு. செப்டம்பர் 15 இரவு, சுதந்திர நாளுக்கு முந்தைய கொண்டாட்டத்தில், மெக்சிகோ வீடுகளில் கொதிப்பது அந்த மணிதான்.

கிண்ணத்தில் ஊற்றியபின்னும் சமையல் முடிவதில்லை. பொடியாக நறுக்கிய லெட்டூஸ் அல்லது முட்டைக்கோஸ், சிவப்பு முள்ளங்கி, பச்சை வெங்காயம், எலுமிச்சை, மிளகாய்த்தூள் எல்லாம் மேசையில் இருக்கும். அவரவர் நாக்குக்கு அவரவர் சேர்த்துக்கொள்வார்கள். கெரேரோவில் வெண்ணெய்ப்பழமும் பொரித்த பன்றித்தோலும் சேரும். காய்ந்த ஓரிகனோவை உள்ளங்கையில் கசக்கித் தூவ வேண்டும். கசக்காவிட்டால் மணம் வராது. கொழுத்த சூட்டுக்கு நடுவே முள்ளங்கியின் குளிர்ந்த கடிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது கிண்ணம் இறங்காது.

முதல் முறை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கறியைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை, மிளகாயை விட்டாலும் பரவாயில்லை. நுனி கிள்ளுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.