ஆள் இல்லாத மலை: நிலக்காட்சிப் படங்களில் கழிக்கப்படுபவர்கள்

1858ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்துக்காக ஒரு படத்தொகுப்பு தயாரானது. ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும் அதில் இருந்தன. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்து, 1856இல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலத்துக்குள் அடங்கியிருந்தது. ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை போகும் வட்டாரம் கேமராவுக்குள் நுழைந்தது இப்படித்தான்: ஒரு ராணுவ அதிகாரியின் பார்வையில், அரசாங்கச் செலவில்.

டிரைப்பை உலக அருங்காட்சியகங்கள் இன்று பெரிய கலைஞராகக் கொண்டாடுகின்றன. 2014-15இல் வாஷிங்டனிலும் லண்டனிலும் அவருக்குத் தனிக் கண்காட்சிகள் நடந்தன. அவர் படங்கள் அழகானவை. அதில் எனக்கு மறுப்பில்லை. நான் இங்கே பேச நினைப்பது, அவர் எடுத்த படங்களிலிருந்து எதைத் தேர்ந்தார், தேர்ந்ததில் எதைத் திருத்தினார் என்பதைப் பற்றி. நிலக்காட்சியின் அரசியல் பெரும்பாலும் எடுக்கும் கணத்தைவிட, எடுத்தபின் மேசையில் நடக்கும் வேலையில் இருக்கிறது.

1855இல் அவர் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை உருவாக்கினார். அவற்றில் 120ஐத் தேர்ந்து, வரிசை எண் கொடுத்து, 50 தொகுப்புகளாக அச்சிட்டார். மீதிப் படங்கள் தொகுப்புக்கு வெளியே போயின. வரிசை எண்ணுக்கு ஒரு அதிகாரம் உண்டு. ஒன்று முதல் நூற்றிருபது வரை இடைவெளியின்றிப் புரட்டுபவருக்கு, இடையில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற எண்ணமே எழாது. ஒரு நாடே முழுமையாக நம் முன்னால் வைக்கப்பட்டதுபோல் தோன்றும்.

அடுத்தது திருத்தம். அக்காலத்து நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ வரும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி வானத்தைச் சீர்செய்தார். இல்லாத மேகத்தை வரைந்தார். மரங்களின் இலைத்திரளைத் தெளிவாக்கினார். நம்மூர் ஸ்டுடியோக்காரர்கள் டச்சிங் என்று சொன்ன வேலைதான் இது. கணினி வந்தபிறகுதான் படங்கள் பொய் சொல்லத் தொடங்கின என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேகத்தை வரைய நேரம் ஒதுக்கிய அந்தக் கை, மனிதர்களுக்காக எவ்வளவு மெனக்கெட்டது? படம் பதிய நீண்ட நேரம் பிடித்த காலம் அது. நடந்துபோகிறவர் படத்தில் புகையாகக் கரைந்துவிடுவார். இது தொழில்நுட்பத்தின் வரம்பு. அதற்காக டிரைப்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேண்டுமென்றால் ஆட்களை அசையாமல் நிற்க வைக்க முடிந்தது. அவருடைய சில படங்களில் அப்படி மனிதர்கள் தென்படவும் செய்கிறார்கள். பெரும்பாலான படங்களில் கோட்டை, கோயில், பாறை, சாலை. ஆள் இல்லாமை அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. சீர்செய்யவேண்டிய குறை என்று அவர் கருதியது வானத்தைத்தான்.

ராயக்கோட்டையை ஆங்கிலேயர் 1791இல் திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றினார்கள். டிரைப் தன் தளவாடங்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தபோது வடக்கில் 1857 எழுச்சி இன்னும் அடங்கியிருக்கவில்லை. அந்த நேரத்தில் ஆள் இல்லாத ஒரு மலைக்கோட்டையின் படம் அதிகாரிகளுக்கு என்ன சொல்லியிருக்கும்? இது வென்ற இடம், அமைதியாக இருக்கிறது, அளந்துகொள்ளலாம். அடிவாரத்தில் யார் உழுதார்கள், யார் களையெடுத்தார்கள், யார் விறகு சுமந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது. இவற்றில் பெரும்பங்கு பெண்களின் வேலை. நிலத்தைக் குனிந்து பார்த்தால்தான் தெரியக்கூடிய வேலை. தொலைவிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் கேமராவுக்கு அது எட்டாது.

நம் திணை மரபு நிலத்தை ஆள் இல்லாமல் யோசித்ததில்லை. முதல், கரு, உரி மூன்றும் சேர்ந்தால்தான் திணை. இதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிறுத்திவிடவும் முடியாது. முல்லை நிலத்தில் பெண்ணுக்கு வகுக்கப்பட்ட உரிப்பொருள் காத்திருத்தல். காட்சிக்குள் அவளைச் சேர்த்த மரபு, அவள் எங்கே எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தது. ஆகவே படத்தில் பெண் இருக்கிறாளா என்பது முதல் கேள்வி மட்டுமே. அவளை அங்கே வைத்தது யார் என்பது அடுத்தது.

இந்த இரண்டாவது கேள்வியோடு வேலை செய்த ஒருவர் கௌரி கில். மகாராஷ்டிரத்தின் டகாணு பகுதியில் உள்ள கஞ்சாட் கிராமத்தில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளை நிலக்காட்சிகளின் மேல், அந்த ஊரைச் சேர்ந்த வார்லி ஓவியர் ராஜேஷ் வாங்கட் கோட்டோவியங்கள் வரைகிறார். 2013இல் தொடங்கிய கூட்டு முயற்சி இது. கேமரா காணாத கதைகளும் தெய்வங்களும் ஊருக்கு நேர்ந்த இழப்புகளும் அந்தக் கோடுகளில் படத்துக்குள் வருகின்றன. டிரைப்பும் படத்தின் மேல் மை தீட்டினார், வாங்கட்டும் தீட்டுகிறார். முன்னது குறையை மறைக்கத் தீட்டியது. பின்னது கேமராவின் குறையை எல்லோரும் பார்க்கும்படி தீட்டியது. தன் படத்தைத் திருத்தும் உரிமையை அந்த நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பது, ஒளிப்படக் கலைஞர்கள் எளிதில் செய்யாத காரியம்.

தயானிதா சிங் வேறொரு வழியில் போனார். 2017இல் வெளியான ‘மியூசியம் பவன்’ ஒரு பெட்டிக்குள் விசிறிபோல் விரியும் ஒன்பது சிறு புத்தகங்கள். அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதை வைத்திருப்பவரே முடிவுசெய்யலாம். டிரைப்பின் எண்களுக்கு நேர் எதிரான இடம் இது. தேர்வு முடிந்துவிட்டது, இனி மாறாது என்று சொல்லும் அதிகாரத்தை அவர் மறுக்கிறார். ஆனாலும் பெட்டிக்குள் எவை வரும் என்பதைத் தீர்மானித்தவர் அவர்தான். வரிசையை மட்டும் பகிர்ந்துகொள்வதற்கும், தேர்வையே பகிர்ந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு. அந்த வகையில் கில் போன தூரம் அதிகம் என்பது என் மதிப்பீடு.

இதெல்லாம் கலைக்கூடத்துப் பேச்சு என்று தோன்றினால், உத்தனப்பள்ளிக்குத் திரும்பலாம். சிப்காட் விரிவாக்கத்துக்காக உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் தொடர் போராட்டம் நடத்தினார்கள். ராகியும் தக்காளியும் பூவும் விளையும் மண் இது. இப்படிப்பட்ட இடங்களை முதலீட்டாளருக்குக் காட்ட டிரோன் படம் போதும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால், அறுவடை முடிந்த வயலும் தரிசும் ஒரே நிறம். பூப்பறிக்கும் பெண் ஒரு புள்ளிகூட இல்லை. நம் நாட்டில் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கிறது. பட்டாவிலும் பெயரில்லை, படத்திலும் உருவமில்லை என்றால், அந்த நிலத்தோடு தனக்குள்ள உறவை ஒரு கூலிப்பெண் எதைக் காட்டி நிறுவுவார்?

இன்று இந்த வட்டாரத்து மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையிலும் கேமரா இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பேருந்து ஜன்னலிலிருந்து எடுத்த மலையும் விடுதி மாடியிலிருந்து எடுத்த வயலும் அந்த செல்போன்களில் இருக்கக்கூடும். இடம் போதவில்லை என்று செல்போன் சொன்னதும் அழிக்கப்படுபவை அவை. நன்றாக வரவில்லை, கம்பி குறுக்கே வந்துவிட்டது, தெரியாத ஒரு அக்கா நடுவில் நிற்கிறார் என்பவைதான் அழிப்பதற்கான காரணங்களாக இருக்கும். டிரைப் பயன்படுத்திய அளவுகோலும் ஏறக்குறைய இதுவே. அழகு பற்றி நமக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஒளிப்படம் கற்கும் மாணவிகளுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். தேர்ந்த படங்களோடு கழித்த படங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள். ஒவ்வொன்றையும் ஏன் கழித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். யாரெல்லாம் உங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும்.