ஐயக் கோட்டையும் தேவாரமும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) 'இரட்சணிய யாத்திரிக'த்தை ஆராய்ந்தோர் பலர் அதில் கம்பனின் சாயலைத் தேடுவதிலேயே நின்றுவிட்டனர். துன்பத்தில் விசுவாசம் எவ்வாறு நிலைபெறுகிறது என்னும் வினாவே அக்காப்பியத்தின் உயிர்நிலை எனலாம்.

இதன் மூலநூலை 1678இல் வெளியிட்ட ஜான் பனியன், அரசின் இசைவின்றிப் போதித்தமைக்காகப் பெட்ஃபோர்டில் 12 ஆண்டுகள் சிறையிருந்தவர். அவர் படைத்த ஐயக் கோட்டைப் பகுதி நுட்பமானது. தோழனைக் குறுக்குவழியில் இட்டுச் சென்றவன் கிறிஸ்தியானே. நிராசை என்னும் அரக்கன் இருவரையும் சிறையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும்போது தளர்பவனும் அவனே. அவனால் இடருற்ற தோழனே அவனைத் தடுத்து நிறுத்துகிறான். சனிக்கிழமை நள்ளிரவில் வேண்டத் தொடங்கி விடியல் நெருங்கும்போதுதான், 'வாக்குத்தத்தம்' என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. விசுவாசத்தைத் தனியொருவனின் மனவலிமையாகப் பனியன் காட்டவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவருடைய விருத்தங்கள் சில இடங்களில் வருணனையால் நீண்டு துன்பத்தின் கூர்மையை மழுக்குகின்றன, இதனை மறைப்பதற்கில்லை. எனினும், மூலத்தில் இல்லாத தேவாரப் பதிகங்களை அவர் இடையிடையே அமைத்துள்ளார். அங்குக் கதை நிற்கிறது. இறைவனை முன்னிலைப்படுத்தி முறையிடும் குரல் எழுகிறது. துன்புறுவோன் இறைவனிடமே தன் குறையைச் சொல்லும் பக்தி மரபின் உரிமை இதனால் கிறித்தவ விசுவாசிக்கும் கிட்டுகிறது. வைணவராய் வளர்ந்தவர் இப்பதிகங்களுக்குச் சைவத் திருமுறையின் பெயரைச் சூட்டியதும் தனித்து ஆராயத்தக்கது.