சாளரத்தின் முன் விரிந்த சோலை

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து ஓவியமும் ஒளியியலும் சோலையமைப்பும் ஒருதாய் மக்கள் என்பது சென்ற நூற்றாண்டின் கலைவரலாற்றாசிரியர் பலர் நிலைநாட்டிய கொள்கை. அக்கொள்கைக்கு யேம்ஸ் அக்கர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1951இல் எழுதிய கட்டுரையும், 1954இல் வத்திக்கான் நூலகம் வெளியிட்ட அவர்தம் நூலும் பெருந்தூண்களாய் நிற்கின்றன. வத்திக்கானிலுள்ள பெல்வெடேர் முற்றமே அவற்றின் பொருள். அவர் முடிபிற் பெரும்பகுதி எமக்கு உடன்பாடே. உடன்பாடில்லாத பகுதியை ஈண்டு ஆராய்வாம்.

இரண்டாம் யூலியசு பாப்பரசர் தம் அரண்மனையையும் வடக்கே மேட்டிலிருந்த பெல்வெடேர் மாளிகையையும் இணைக்குமாறு பிரமான்ரே என்னும் சிற்பியைப் பணித்தார். 1505ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கிற்று. இடைவெளி ஏறக்குறைய 300 மீற்றர். சரிவான அந்நிலத்தைப் பிரமான்ரே மூன்று தளங்களாக வகுத்தார். கீழே விழாக்களுக்குரிய முற்றம், நடுவே படிவரிசைகளோடு கூடிய சிறுதளம், மேலே சோலை. பக்கச் சுவர்களின் மேல்விளிம்பு ஒரே மட்டத்திற் செல்லத் தரைமட்டும் உயர்ந்துகொண்டே போகின்றது. ஆதலின் அரண்மனைச் சாளரத்தில் நின்று நோக்குவார்க்குக் கீழ்முற்றத்திலே மூன்றடுக்காய் நிமிர்ந்த கட்டடம் மேற்சோலையிலே ஓரடுக்காய்ச் சுருங்கித் தோன்றும். தூரத்தாற் பொருள் சிறுத்தல் கண்ணுக்கு இயல்பு. அவ்வியல்போடு கட்டடமும் தானே சிறுத்துக் கொடுத்தால் தூரம் பன்மடங்காகித் தோன்றும் அன்றோ? இதனைக் கொண்டே, முற்றம் முழுவதும் பாப்பரசரின் சாளரத்தை நிலைக்களமாக வைத்து ஓவியம்போல் அமைக்கப்பட்டதென அக்கர்மன் துணிந்தார்.

துணிவு வெறுங்கற்பனையன்று. பிரமான்ரே ஓவியராகவே தொழில் தொடங்கியவர். மிலான் நகரிலே, தெரு நெருக்கிய ஒரு கோயிலில், ஒரு மீற்றர் ஆழமுமில்லாத சுவரை நீண்ட கருவறையாகத் தோற்றச் செய்தவர் அவரே. யூலியசின் அறைகளிலே இறபாயேல் தீட்டிய ஓவியங்களின் கட்டடங்களுக்கும் அவர் துணைபுரிந்தார் என்பது வசாரியின் கூற்று. அவ்வறைகளுள் ஒன்றின் வடசாளரம் இம்முற்றத்தையே நோக்குகின்றது.

எம் ஐயம் எழுமிடம் வேறு. மிலான் கோயிலில் நடுவே நிற்பவன் இரண்டடி விலகினால் மாயம் கலையும். சித்திர வகுப்பிலே தண்டவாளம் வரைவிக்கும் ஆசிரியர் யாவரும், “தலையை அசைக்காதே” என்றுதான் முதலிற் சொல்வர். சோலையோ நடப்பதற்கென்று அமைந்தது. மாளிகைப் பக்கமிருந்து கீழே இறங்குபவனுக்குப் பெல்வெடேர் தலைகீழாகின்றது. தொலைவிலுள்ள சுவரே உயர்ந்து நிற்கின்றது. அவன் கண்ட காட்சி பிரமான்ரேயின் திட்டத்திற் சேராததா?

ஒளியியல் என்று பொதுவாகச் சொல்லுதலே இம்மயக்கத்திற்கு ஒரு காரணம். 1435இல் அல்பேர்ட்டி ஓவியருக்கு வகுத்த கணிதம் அசையாத ஒரு கண்ணுக்குரியது. அவருக்கு நானூறு ஆண்டுகள் முற்பட்ட அராபிய அறிஞர் இபுனு அல் ஹைதம் இயற்றிய நூலோ, ஒரு நொடிப் பார்வை வேறு, கண் பொருளின்மேற் பயின்று சென்று தெளிதல் வேறு எனப் பிரித்து, உறுதியான காட்சி பின்னதனாலே வருமென்கின்றது. அந்நூல் இலத்தீனில் மட்டுமன்றி இத்தாலிய மொழியிலும் வழங்கிற்று; புளோரன்சுச் சிற்பி கிபேர்ட்டி தம் குறிப்புகளில் அதனைப் பெரிதும் எடுத்தாண்டுள்ளார். ஒளியியலிலிருந்து சாளரக் காட்சியே பிறக்கும் என்பதற்கு இடமில்லை. நடப்பவன் காட்சியும் பிறக்கலாம்.

பிரமான்ரேயின் கையே இதற்குச் சான்று. சோலையின் கோடியிலுள்ள சிலைமுற்றத்திலே அப்பொல்லோவும், 1506இல் அகழ்ந்தெடுத்த லாவோக்கூனும் நின்றன. சாளரத்திலிருந்து அவை தென்படா. அங்கே செல்வதற்கு அவர் அமைத்த சுழற்பாதை, குதிரையும் ஏறத்தக்க அகலமுடையது. வெளியிலிருந்து வருவோர் அரண்மனைக்குள் நுழையாமலே சிலைகளை அடைய வழி தந்தது. ஏறுபவன் ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு காட்சி காண்கின்றான். தூண்களின் பாணியும் மாறிக்கொண்டே வருகின்றது. நிலைத்த கண் என்பதற்கு அங்கே இடமேயில்லை. அக்கர்மன் இதனை அறியாதவரல்லர். தம் முடிபில் இதற்கு உரிய எடை தந்திலர் என்பதே எம் குறை. சாளரத்தை மாத்திரம் முதன்மையாக்கினால் சோலை அரசனொருவனின் படமாகி, நடந்தோர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகின்றனர்.

இன்னுமொன்று. யூலியசு 1513இலும் பிரமான்ரே 1514இலும் இறந்தனர். மேற்குச் சிறகு 1560களிலேதான் எழுந்தது. எனவே இருவரும் அப்படத்தை முழுமையாகக் கண்டதில்லை. பின்னர் ஐந்தாம் சிக்சுதுஸ் காலத்தில், 1587 முதல், தொமேனிக்கோ பொந்தானா நடுத்தளத்திலே நூலகத்தைக் குறுக்கே கட்டினார். சாளரத்திலிருந்து மேற்சோலை தெரிவது அன்றோடு நின்றது. சுழற்பாதை இன்றும் உள்ளது.