தேடாததும் இல்லாததும் ஒன்றா?

நோயுற்ற 209 மாணவர்களுள் ஒரே ஒருவருக்குத்தான் விளையாட்டினால் நோய் தொற்றியது என்று ஓர் ஆய்வு கூறினால், நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? கொள்ளைநோய்க் காலத்திலும் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடலாம் என்றுதானே? சற்றுப் பொறுங்கள்.

கோவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் திரட்டிய கணக்கு இது. 207 உயர்நிலைப் பள்ளிகளில் 30,074 மாணவர்கள் விளையாடினர். 271 பேருக்கு நோய் கண்டது. நோய் வந்த வழி தெரிந்தவர்கள் 209 பேர். அவர்களுள் விளையாட்டினால் நோயுற்றவர் ஒருவரே என்றது ஆய்வு.

இத்தனை பள்ளிகளின் செய்தியை விரைவில் திரட்டியது நல்ல பணியே. ஆனால் திரட்டிய முறையைக் கவனியுங்கள். பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பாளர்களுக்கு வினாத்தாள் அனுப்பி விடை பெற்றார்கள். ஆட்டக்காரர் அனைவரையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்கவில்லை. இளம் வயதினர் பலருக்கு இந்நோய் அறிகுறியின்றியே வந்து போகும். அறிகுறி இல்லாதவர் சோதனைக்குப் போவது அரிது. ஆகவே கணக்கிலும் ஏறமாட்டார். வீட்டிலும் ஒரு நோயாளி இருந்துவிட்டால், பழி எளிதில் வீட்டின் மீதே விழும். எஞ்சிய 62 பேருக்கோ நோய் வந்த வழியே தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் புளோரிடா மாநிலத்தில் 10 பள்ளிகள் கலந்துகொண்ட இரு மல்யுத்தப் போட்டிகள் நடந்தன. வீரர், பயிற்சியாளர், நடுவர் என மொத்தம் 130 பேர். சோதிக்கப்பட்டவர் 54 பேர். நோய் உறுதியானவர் 38 பேர்! அவர்களிடமிருந்து நோய் மற்றவர்களுக்கும் பரவியது. தொடர்பில் இருந்தவர்களுள் வயதுவந்த ஒருவர் உயிரிழந்தார்.

இங்கும் நிதானம் தேவை. நூற்றுக்கு எழுபது என்று அலறுவது தவறு. நோய் இருக்குமோ என்று ஐயுற்றவர்களே சோதனைக்கு மிகுதியாக வந்திருக்கலாம். எனினும், சோதிக்கப்படாத 76 பேருக்கும் நோயே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நூற்றுக்கு 29 பேர் ஆகிறதே!

இரண்டு கணக்குகளும் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன? தேடிய முறை ஒரு காரணம். விளையாட்டின் தன்மை மற்றொன்று. மல்யுத்தத்தில் இருவர் முகத்தோடு முகம் நெருங்கி, கட்டிப் பிடித்து, மூச்சிரைக்கப் போராடுகிறார்கள். அதுவும் நான்கு சுவர்களுக்குள். திறந்த வெளியில் நெட்டோட்டம் ஓடுபவரின் மூச்சுக்காற்றோ விரைவில் கலைந்துவிடும். இரண்டையும் 'விளையாட்டு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அது ஆபத்தா இல்லையா என்று கேட்டால் சரியான விடை கிடைக்குமா?

எல்லா ஆடுகளங்களையும் பூட்டிவிடுவதும் தீர்வாகாது. ஓடியாடாத பிள்ளையின் உடலும் வாடும், உள்ளமும் வாடும். எந்த விளையாட்டு, எந்த இடம், ஊரில் நோய் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து முடிவு செய்வதே அறிவியல் வழி.

இனி ஓர் ஆய்வு "நோய் பரவவில்லை" என்று சொன்னால், "எப்படித் தேடினார்கள்?" என்று முதலில் கேளுங்கள்.