வேஃபர் யாருக்கு? இன்டெலின் திசையைத் தீர்மானித்த மாதாந்திரக் கணக்கு

இன்டெல் நினைவகச் சில்லுத் தொழிலை விட்டு வெளியேறிய கதையை மேலாண்மை வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1985-இன் நடுப்பகுதி. நிறுவனத்தின் பிரெசிடென்ட் ஆண்டி குரோவும் தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரும் மனம் சோர்ந்து ஓர் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம்மை நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்கிறார். நினைவகத்தை விட்டு விலகிவிடுவார் என்கிறார் மூர். அப்படியானால் அதை நாமே செய்துவிடலாமே என்கிறார் குரோவ். 1996-இல் அவர் எழுதிய நூல் வழியே இந்தக் காட்சி உலகெங்கும் பரவியது.

காட்சியை நான் சந்தேகிக்கவில்லை. அந்த உரையாடல்தான் இன்டெலின் திசையை மாற்றியது என்று அதிலிருந்து பெறும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே நிறுவனம் பெருமளவு திரும்பிவிட்டிருந்தது. 1974-இல் டிரேம் எனப்படும் நினைவகச் சில்லுச் சந்தையில் 80 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருந்த இன்டெல், 1984-இல் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதன் எட்டு ஆலைகளில் ஒன்றில் மட்டுமே நினைவகம் தயாராகிக்கொண்டிருந்தது. மற்ற ஆலைகளை மாற்றும்படி எந்த இயக்குநர் குழுவும் தீர்மானம் போடவில்லை.

மாற்றியது ஒரு கணக்கு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் பர்கல்மன் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. சில்லு ஆலையின் மூலதனம் அதன் கொள்ளளவு. ஒரு மாதத்தில் இத்தனை வேஃபர்களைத்தான், அதாவது சில்லுகள் உருவாகும் சிலிக்கான் தட்டுகளைத்தான், உள்ளே அனுப்ப முடியும். நினைவகத்துக்குப் போன வேஃபர் இன்டெலின் இன்னொரு பொருளான செயலிக்குக் கிடைக்காது. ஆகவே உற்பத்தித் திட்டமிடுவோரும் நிதிப் பிரிவினரும் மாதந்தோறும் உட்கார்ந்து பங்கு பிரிப்பார்கள். எந்தச் சில்லு ஒரு வேஃபருக்கு அதிக லாபம் தருகிறதோ அதற்கே முன்னுரிமை. ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகத்தின் விலையை இறக்கிக்கொண்டே போயின. 1981-இல் ஐபிஎம் தன் தனிக்கணினிக்கு இன்டெலின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. மாதத்துக்கு மாதம் வேஃபர்கள் செயலிப் பக்கம் நகர்ந்தன. அந்த மேசையில் இருந்த எவரும் நிறுவனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதாக நினைத்திருக்கமாட்டார். அந்த மாத ஒதுக்கீட்டை முடித்துவிட்டு எழுந்தார்கள், அவ்வளவுதான்.

தலைமையோ அதே ஆண்டுகளில் வேறொன்றை நம்பிக்கொண்டிருந்தது. நினைவகமே இன்டெலின் உயிர், அதில்தான் புதிய தொழில்நுட்பம் பழகுகிறது, அது இல்லாமல் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் போக முடியாது என்று அங்கே உறுதியாகப் பேசப்பட்டது. கடைசியில் வெளியேறும் முடிவைச் சொன்னபோது வாடிக்கையாளர்கள் யாரும் அதிரவில்லை. இவ்வளவு காலம் ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்ற தொனியில்தான் சிலர் கேட்டார்கள் என்று குரோவே பதிவு செய்திருக்கிறார்.

இதை வைத்துத் தலைமையே தேவையில்லை என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. வேஃபர் நகர்ந்ததே தவிர, ஆராய்ச்சிப் பணம் நகரவில்லை. கிட்டத்தட்ட விற்கவே விற்காத நினைவகத்துக்காகக் கணிசமான தொகை தொடர்ந்து செலவாயிற்று. அதை நிறுத்தவும், ஆலைகளை மூடவும், ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பும் பொறுப்பைச் சுமக்கவும் மேலிருந்துதான் உத்தரவு வர வேண்டியிருந்தது. 1986-இல் இன்டெல் 17 கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டது. சிறு முடிவுகள் திசையை மாற்றின. பழைய திசைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தை அவற்றால் நிறுத்த முடியவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. லாபக் கணக்கு ஏற்கெனவே உள்ள பொருள்களைத்தான் ஒப்பிடும், புதியதைப் படைக்காது. 8088 என்ற ஒன்று விற்பனைக்கு இருந்ததால்தான் அந்தக் கணக்கு இன்டெலைக் காப்பாற்றியது.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு ஒரு சில்லு கேட்டு இன்டெலிடம் வந்தது. ஆப்பிள் சொன்ன விலை, இன்டெல் கணித்த உற்பத்திச் செலவைவிடக் குறைவாக இருந்தது. அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பால் ஒட்டெலினி மறுத்துவிட்டார். செலவுக் கணிப்பு தவறாக இருந்ததையும், விற்பனை எல்லோரும் நினைத்ததைவிடப் பன்மடங்கு போனதையும், தன் உள்ளுணர்வு ஒப்புக்கொள் என்றே சொன்னதையும் 2013-இல் பதவி விலகும்போது அவரே ஒரு பேட்டியில் கூறினார். கைபேசிகளுக்கான எக்ஸ்ஸ்கேல் சில்லுப் பிரிவையும் 2006-இல் 60 கோடி டாலருக்கு மார்வெல் நிறுவனத்திடம் விற்றாயிற்று.

அதே லாபக் கணக்கு ஒருமுறை காப்பாற்றியது, மறுமுறை கைவிட்டது. ஏன்? 1980-களில் அது சந்தையில் கிடைத்த உண்மையான விலையையும் ஆலையில் ஆன உண்மையான செலவையும் வைத்துப் போட்ட கணக்கு. ஐபோன் விஷயத்தில் பிறக்காத பொருளுக்கு ஊகத்தை வைத்துப் போட்டது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். முதல் முறை கீழே நடந்த கணக்கும் மேலே இருந்த நம்பிக்கையும் முரண்பட்டன. அந்த முரணே கடைசியில் குரோவைக் கேள்வி கேட்க வைத்தது. இரண்டாம் முறை இரண்டும் ஒன்றாகிவிட்டன. தனிக்கணினிச் செயலியின் கொழுத்த லாபமே நிறுவனத்தின் பெருமையாகவும் இருந்தபோது, குறைந்த லாபமுள்ள சில்லுக்காக வாதாட ஆளில்லாமல் போயிற்று. ஒவ்வொரு மறுப்பும் தனித்தனியே நியாயமாகத்தான் தெரிந்தது.

விளைவு கண்முன் இருக்கிறது. கைபேசிச் சில்லுகளின் பெரும் எண்ணிக்கையில் தைவானின் சில்லுத் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி வளர்ந்தது. 2020-இல் ஆப்பிள் தன் கணினிகளிலிருந்தும் இன்டெலை நீக்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் பங்குப் பட்டியலில் இன்டெலின் இடத்துக்கு என்விடியா வந்தது. இந்தச் சரிவுக்கு ஆலைகளில் ஏற்பட்ட தொழில்நுட்பத் தாமதம் உட்பட வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் ஐபோன் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. 1985-இன் பெருமையில் பெரும்பங்கு, பெயர் தெரியாத அந்தத் திட்டமிடுவோருக்கே உரியது. குரோவும் மூரும் அவர்கள் செய்ததைக் கண்டுகொண்டு முடித்து வைத்தார்கள், அது சிறிய காரியமில்லை. கைபேசியைத் தவறவிட்டதற்கு மட்டும் திட்டமிடுவோரைக் குறைசொல்ல முடியாது. கொடுத்த அளவுகோலால் அளப்பது அவர்கள் வேலை. அந்த அளவுகோல் இன்னும் பொருந்துகிறதா என்று பார்ப்பது தலைமையின் வேலை. இன்டெலின் தலைமை அதைச் செய்யவில்லை.