நடுவர் சொன்னால் சொன்னதுதானா?

2010 ஜூன் 2. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பிட்சர் அர்மாண்டோ கலர்ராகா, கிளீவ்லாந்து பேட்டர்கள் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் ‘பெர்ஃபெக்ட் கேம்’. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் நெடிய வரலாற்றில் அதுவரை 20 முறை மட்டுமே நிகழ்ந்த சாதனை அது. 27ஆவது ஆளை முந்திக்கொண்டு பந்து முதல் பேஸுக்கு வந்துவிட்டது. நடுவர் ஜிம் ஜாய்ஸோ ‘சேஃப்’ என்று கைகளை விரித்தார்.

பதிவைப் பார்த்ததும் ஜாய்ஸே தவற்றை ஒப்புக்கொண்டு கலங்கினார். மறுநாள் அணிப் பட்டியலை அவரிடம் கொடுக்க வந்தவர் கலர்ராகா. இருவரின் பெருந்தன்மையையும் எல்லாரும் கொண்டாடினார்கள். லீக் ஆணையர் பட் செலிக் மட்டும் தீர்ப்பை மாற்றவில்லை. நெகிழ்ச்சியில், விதியிலிருந்த ஓட்டையைப் பலர் மறந்தே போனார்கள்.

நடுவரின் கணிப்பே முடிவானது என்ற விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஓர் ஆட்டத்தில் முந்நூறு பந்துகள் வரை வீசப்படும். ஒவ்வொன்றுக்கும் வழக்காடினால் விடிந்துவிடும். வாதம் எல்லை மீறினால் மேலாளரையே வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் உண்டு. அட்லாண்டா மேலாளர் பாபி காக்ஸ் தம் வாழ்நாளில் 150 முறைக்கு மேல் அப்படி வெளியேறியவர்.

சிக்கல், பந்து ஸ்டிரைக்கா இல்லையா என்று தீர்மானிக்கும் எல்லையில்தான். அந்த எல்லையை வரையறுக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம் என்கிறது விதிநூல். 1997 நேஷனல் லீக் இறுதிச்சுற்றின் ஐந்தாம் ஆட்டத்தில் நடுவர் எரிக் கிரெக் கண்ணுக்கு அது விரிந்துகொண்டே போனது. பேட்டுக்கு எட்டாத பந்துகளும் ஸ்டிரைக் ஆயின. ஃப்ளோரிடாவின் லிவான் ஹெர்னாண்டஸ் 15 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். இன்னொன்று, வெளியே போகும் பந்தைப் பிடித்ததும் கையுறையை நைசாக உள்ளிழுத்து நடுவரை நம்பவைப்பது கேட்சர்களின் தொழில்திறமையாகவே மதிக்கப்படுகிறது. ஏமாற்றுவதற்குச் சம்பளம் தரும் விளையாட்டு!

வீட்டில் இருப்பவர் திரையின் கட்டத்தில் உண்மையைப் பார்த்துவிட, மைதானத்தில் அதைப் பார்க்காத ஒரே ஆள் நடுவர் என்றான பிறகு அந்த அதிகாரம் வெறும் சடங்குதான். ஜாய்ஸ் தவறியது போன்ற பேஸ் தீர்ப்புகளுக்கு 2014இல் மறுபரிசீலனை வந்தது. 2024இல் தென்கொரிய லீக் ஸ்டிரைக் கணிப்பை முழுதுமாக இயந்திரத்திடம் விட்டது. மேஜர் லீக் 2026 சீசனுக்கு நடுவழியைத் தேர்ந்தெடுத்தது: தீர்ப்பு நடுவருடையது, அணிக்கு இயந்திரத்திடம் இரண்டு முறையீடுகள், வென்றால் வாய்ப்பு குறையாது. பிட்சர், கேட்சர், பேட்டர் மட்டுமே உடனே தலையைத் தட்டிக் கேட்கலாம்.

நடுவரின் மதிப்பையும் ஆட்டத்தின் வேகத்தையும் இது காக்கிறது. அந்த வகையில் கொரிய வழியைவிட மேல். ஆனால் மூன்றாம் இன்னிங்ஸிலேயே இரண்டு முறையீடுகளிலும் தோற்ற அணிக்கு, ஒன்பதாம் இன்னிங்ஸில் தவறான ஸ்டிரைக் விழுந்தால் இன்றும் போக்கிடமில்லை.